டென்டல் ஸ்கூலுக்கு முன் முடிக்க வேண்டிய அறிவியல் பாடங்கள்: எங்கே படிப்பது, எந்த வரிசையில் படிப்பது

அமெரிக்காவில் பள்ளிப் படிப்பு முடிந்த கையோடு பல் மருத்துவத்தில் சேர முடியாது. முதலில் கல்லூரி, அதன்பின் நான்காண்டு டென்டல் ஸ்கூல். அங்கே கிடைக்கும் டி.டி.எஸ்., டி.எம்.டி. இரண்டும் பெயரில் மட்டுமே வேறுபட்ட ஒரே பட்டம். கல்லூரியில் எந்தப் பாடத்தை மேஜராக எடுத்தீர்கள் என்பது பெரிய விஷயமில்லை. கணக்கியல் படித்தவரும் கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தவரும் விண்ணப்பிக்கலாம். ஆனால் பள்ளிகள் கேட்கும் சில அறிவியல் பாடங்களை, லேபோடு சேர்த்து, நல்ல கிரேடில் முடித்திருக்க வேண்டும். இவற்றைத்தான் பிரீரெக்விசிட் என்கிறார்கள்.

பாடங்கள் கடினம் என்பதால் தடுமாறுகிறவர்களைவிட, தவறான இடத்தில், தவறான வரிசையில், தவறான வகைப் பாடத்துக்குப் பணம் கட்டி ஓராண்டை இழப்பவர்கள் அதிகம். அந்த ஓராண்டைக் காப்பாற்றும் விவரங்களை இங்கே தருகிறோம்.

எவ்வளவு படிக்க வேண்டும்

பெரும்பாலான பள்ளிகள் கேட்கும் அடிப்படைத் தொகுப்பு, செமஸ்டர் கிரெடிட் கணக்கில்:

உயிரியல் 8, பொது வேதியியல் 8, கரிம வேதியியல் 8, இயற்பியல் 8. நான்கும் லேபோடு. பொதுவாக ஒவ்வொன்றும் இரண்டு செமஸ்டர், செமஸ்டருக்கு 4 கிரெடிட். அதில் 3 வகுப்புக்கு, 1 லேபுக்கு.
உயிர்வேதியியல் 3 அல்லது 4. பல பள்ளிகள் இதற்கு லேப் கேட்பதில்லை.
ஆங்கிலம் 6. பட்டம் முடித்தவர்களுக்கு இது பெரும்பாலும் ஏற்கெனவே முடிந்திருக்கும்.

இதற்கு மேல் பள்ளிக்குப் பள்ளி மாறும். நுண்ணுயிரியல், உடற்கூறியல், உடலியங்கியல், புள்ளியியல் ஆகியவை அடிக்கடி வரும். சில பள்ளிகள் அவற்றைக் கட்டாயம் என்கின்றன, சில ‘பரிந்துரை’ என்கின்றன. பரிந்துரை என்றாலும் இவற்றில் இரண்டையாவது எடுப்பது நல்லது. முதலாண்டு டென்டல் பாடங்கள் அவற்றின் மேல்தான் கட்டப்பட்டிருக்கின்றன. பாரத்தைத் தாங்குவீர்களா என்று தேர்வுக்குழு பார்ப்பதும் அங்கேதான். டெக்சாஸ் பள்ளிகள் நுண்ணுயிரியலையும் சேர்த்து, உயிரியலில் 8 கிரெடிட்டுக்கு மேல் கேட்பவை.

இயற்பியலை அல்ஜீப்ரா அடிப்படையில் படித்தால் போதும். பொறியியல் மாணவர்களுக்கான கால்குலஸ் இயற்பியல் தேவையில்லை. ஏற்கெனவே அதை முடித்திருந்தால் அதுவும் செல்லும்.

பணம் கட்டும் முன் ஒரு அட்டவணை

ஒரு ஸ்ப்ரெட்ஷீட் திறந்து, சேர விரும்பும் 10 முதல் 12 பள்ளிகளை வரிசையாகப் போடுங்கள். சொந்த மாநிலத்து அரசுப் பள்ளி கட்டாயம் இருக்க வேண்டும். அரசுப் பள்ளிகள் பல அந்தந்த மாநிலத்தவருக்கே முன்னுரிமை தருகின்றன, கட்டணமும் குறைவு. அமெரிக்க டென்டல் கல்விச் சங்கமான ஏ.டி.இ.ஏ. நடத்தும் டென்டல் ஸ்கூல் எக்ஸ்ப்ளோரரில் பள்ளிகளின் தேவைகளை ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஆனால் இறுதிச் சொல் அந்தந்தப் பள்ளியின் அட்மிஷன் பக்கத்தில் இருப்பதுதான்.

ஒவ்வொரு பள்ளிக்கும் ஏழு கேள்விகளுக்கு விடை எழுதுங்கள். பாடவாரியாக எத்தனை கிரெடிட்? கம்யூனிட்டி காலேஜ் (உள்ளூர் ஈராண்டுக் கல்லூரி) பாடம் செல்லுமா, செல்லும் என்றால் எத்தனை கிரெடிட் வரை? ஆன்லைன் வகுப்பு செல்லுமா? ஆன்லைன் லேப் செல்லுமா? பள்ளியிலேயே கல்லூரி நிலைத் தேர்வெழுதி வாங்கிய ஏ.பி. கிரெடிட் செல்லுமா? குறைந்தபட்ச கிரேடு என்ன? பாடம் எத்தனை ஆண்டுகளுக்குள் படித்ததாக இருக்க வேண்டும்?

ஆன்லைன் வகுப்பையும் ஆன்லைன் லேபையும் தனித்தனியாகக் கேட்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. வகுப்பை ஆன்லைனில் ஏற்கும் பள்ளி, லேபை நேரில்தான் செய்திருக்க வேண்டும் என்று சொல்வது சகஜம். பக்கத்தில் விடை தெளிவாக இல்லையென்றால் அட்மிஷன் அலுவலகத்துக்கு மின்னஞ்சல் எழுதுங்கள். தொலைபேசியில் கேட்ட பதில் பின்னால் உதவாது. எழுத்தில் வந்ததைச் சேமித்து வையுங்கள். கேள்வியும் துல்லியமாக இருக்கட்டும். ‘கம்யூனிட்டி காலேஜ் பாடங்களை ஏற்பீர்களா?’ என்றால் பொதுவான பதில்தான் வரும். கல்லூரியின் பெயர், பாட எண், கிரெடிட், லேப் நேரிலா ஆன்லைனிலா என்று எல்லாவற்றையும் குறிப்பிட்டுக் கேளுங்கள்.

கிரேடு விஷயத்தில் பொதுவான கோடு ‘சி’. ‘சி மைனஸ்’ வாங்கினால் பல பள்ளிகளில் அந்தப் பாடம் நிறைவானதாகக் கணக்கில் வராது. பாஸ்-ஃபெயில் முறையில் எடுக்காதீர்கள். எழுத்துக் கிரேடு வேண்டும்.

வேதியியல் சங்கிலிதான் காலண்டர்

உயிரியலையும் இயற்பியலையும் எங்கே வேண்டுமானாலும் நுழைத்துவிடலாம். வேதியியல் அப்படியல்ல. பொது வேதியியல் 1, 2, கரிம வேதியியல் 1, 2, அப்புறம் உயிர்வேதியியல். ஒன்றை முடிக்காமல் அடுத்ததில் பதிவு செய்யக் கணினியே விடாது. மொத்தம் ஐந்து கண்ணி. அதற்கு முன்னால் ஒளிந்திருக்கும் ஆறாவது கண்ணி கணிதம்: பல கல்லூரிகள் பொது வேதியியல் 1-க்கு காலேஜ் அல்ஜீப்ரா முடித்திருக்க வேண்டும், அல்லது எந்த நிலை வகுப்பில் சேர்ப்பது என்று பார்க்கும் பிளேஸ்மென்ட் தேர்வில் தேறியிருக்க வேண்டும் என்கின்றன. பள்ளி வேதியியல் மறந்துபோனவர்களை ஓர் அறிமுக வேதியியல் வகுப்புக்கு அனுப்பும் கல்லூரிகளும் உண்டு. அப்படியானால் இன்னும் ஒரு செமஸ்டர் கூடும். பிளேஸ்மென்ட் தேர்வுக்கு இரண்டு வாரம் உட்கார்ந்து மோல் கணக்கு, சமன்பாடு சமப்படுத்துதல், அலகு மாற்றம், மடக்கை ஆகியவற்றைத் திருப்பிப் பார்த்தால் அந்த செமஸ்டர் மிஞ்சும்.

இன்னொரு பொறி: பல கல்லூரிகளில், முக்கியமாகச் சிறிய கம்யூனிட்டி காலேஜ்களில், முதல் பாகம் இலையுதிர் பருவத்திலும் இரண்டாம் பாகம் வசந்த பருவத்திலும் மட்டுமே நடக்கும். ஜனவரியில் வந்து பொது வேதியியல் 1 கேட்டால் ஆகஸ்ட் வரை காத்திருக்கச் சொல்வார்கள். ஆகவே அடுத்த பருவத்து அட்டவணை மட்டும் போதாது. கடந்த இரண்டு ஆண்டு அட்டவணைகளையும் எடுத்து, எந்தப் பாடம் எப்போதெல்லாம் நடந்தது என்று பாருங்கள்.

வேலை பார்த்துக்கொண்டே படிப்பவருக்கான திட்டம் ஒன்று. 2026 ஆகஸ்டில் தொடங்குவதாக வைத்துக்கொள்வோம்.

2026 இலையுதிர்: பொது வேதியியல் 1, உயிரியல் 1.
2027 வசந்தம்: பொது வேதியியல் 2, உயிரியல் 2.
2027 கோடை: புள்ளியியல், அல்லது விட்டுப்போன ஆங்கிலம்.
2027 இலையுதிர்: கரிம வேதியியல் 1, இயற்பியல் 1.
2028 வசந்தம்: கரிம வேதியியல் 2, இயற்பியல் 2.
2028 ஜூன்: விண்ணப்பம்.
2028 இலையுதிர்: உயிர்வேதியியல், நுண்ணுயிரியல்.
2029 கோடை: டென்டல் ஸ்கூலில் சேர்க்கை.

முழுநேரம் படிக்க முடிந்தவர் இதில் ஓராண்டைக் குறைக்கலாம். 2026 கோடையில் பொது வேதியியல் இரண்டு பாகங்கள். இலையுதிரில் கரிம வேதியியல் 1, உயிரியல் 1, இயற்பியல் 1 சேர்த்து 12 கிரெடிட். வசந்தத்தில் அவற்றின் இரண்டாம் பாகங்கள். 2027 ஜூனில் விண்ணப்பம், 2028-இல் சேர்க்கை. கணக்கில் இது சரியாக வரும். ஆனால் மூன்று லேப் பாடங்களை ஒரே பருவத்தில் எடுப்பவருக்கு வாரத்தில் 18 மணி நேரம் கல்லூரியிலேயே போகும்; வீட்டுப் படிப்பு தனி. வேலையோடு இதைச் செய்யாதீர்கள். ஓராண்டு தாமதம் விண்ணப்பத்தைக் கெடுக்காது. மூன்று ‘சி’ கெடுக்கும்.

கோடை வகுப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். 16 வாரப் பாடத்தை 8 வாரத்தில் முடித்தால், 4 கிரெடிட் பாடம் ஒன்றுக்கு வாரம் 6 மணி வகுப்பு, 6 மணி லேப். வாராவாரம் தேர்வு வரும். இயற்பியல் 1, புள்ளியியல் போன்றவை இந்த வேகத்தைத் தாங்கும். கரிம வேதியியலைக் கோடையில் எடுக்க வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. அதில் மனப்பாடம் ஓரளவுக்கு மேல் கைகொடுக்காது. எலக்ட்ரான் எங்கிருந்து எங்கே போகிறது என்று அம்புக்குறி போட்டுத் திரும்பத் திரும்ப வரைந்து பழக வேண்டும். அந்தப் பழக்கம் ஊற நாள் பிடிக்கும். பதிலீட்டு வினையும் நீக்க வினையும் ஒன்றோடொன்று போட்டியிடும் அத்தியாயத்தில்தான் வழக்கமாகத் தடுமாற்றம் தொடங்குகிறது. அதற்கு முந்தைய அத்தியாயங்களை ஒப்பேற்றியவர்கள் அங்கே மாட்டிக்கொள்கிறார்கள்.

எங்கே படிப்பது

கம்யூனிட்டி காலேஜ். செலவு மிகக் குறைவு, வகுப்பு சிறியது, மாலை வகுப்புகள் உண்டு, லேபை ஆசிரியரே பக்கத்தில் நின்று நடத்துவார். பல டென்டல் பள்ளிகள் இதை ஏற்கின்றன. சில 60 கிரெடிட் போன்ற உச்சவரம்பு வைத்திருக்கின்றன. ஏற்கெனவே நான்காண்டுப் பல்கலையில் பட்டம் முடித்தவருக்கு, அடிப்படைப் பாடங்களில் பாதியை இங்கே முடிப்பதில் பெரிய ஆபத்தில்லை. பழைய அறிவியல் கிரேடுகள் பலவீனமாக இருப்பவர் மட்டும், கரிம வேதியியலையும் அதற்கு மேற்பட்டவற்றையும் பல்கலைக்கழகத்தில் எடுப்பது நல்லது. ‘கடினமான இடத்திலும் ஏ வாங்க முடியும்’ என்று அவர் காட்ட வேண்டியிருக்கிறது. கலிபோர்னியாவில் இருப்பவர்கள், கம்யூனிட்டி காலேஜ் பாடம் எந்தப் பல்கலைப் பாடத்துக்குச் சமம் என்பதை அசிஸ்ட் தளத்தில் பார்க்கலாம். டெக்சாஸிலும் ஃபுளோரிடாவிலும் மாநிலம் முழுவதற்கும் பொதுவான பாட எண் முறை இருப்பதால் வேலை எளிது.

இங்கே கவனிக்க வேண்டியது பாடத்தின் வகை. ‘ஜெனரல் கெமிஸ்ட்ரி’ என்பதும் நர்சிங் மாணவர்களுக்கான ஒருங்கிணைந்த வேதியியலும் ஒன்றல்ல. பாட விவரத்தில் ‘அறிவியல் மேஜர்களுக்கு’ என்ற குறிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். ‘நான்-மேஜர்ஸ்’, ‘சர்வே’, ‘அலைட் ஹெல்த்’ போன்ற சொற்கள் இருந்தால் விலகிவிடுங்கள். இரண்டாம் பாகம் இல்லாத ஒரு செமஸ்டர் கரிம வேதியியலும் அப்படித்தான்.

நான்காண்டுப் பல்கலைக்கழகம். மதிப்பு அதிகம், செலவும் அதிகம். பட்டத்தில் சேராமல் நான்-டிகிரி மாணவராக நுழைந்தால் பதிவு செய்யும் வரிசையில் கடைசியில்தான் இடம். லேப் இருக்கைகள் அதற்குள் நிரம்பிவிடும். கால் ஸ்டேட் (கலிபோர்னியா ஸ்டேட் யுனிவர்சிட்டி) வளாகங்களில் ஓபன் யுனிவர்சிட்டி என்ற வழி உண்டு: வழக்கமான மாணவர்கள் எடுத்தது போக மிஞ்சும் இருக்கை, ஆசிரியர் சம்மதத்தோடு. அதை நம்பித் திட்டம் போட முடியாது, கிடைத்தால் நல்லது. இரண்டாவது இளங்கலைப் பட்டத்துக்குச் சேர அனுமதிக்கும் பல்கலையில் அப்படிச் சேர்வது, பட்டத்தை முடிக்கும் எண்ணம் இல்லாவிட்டாலும், பதிவு வரிசையையும் கடனுதவியையும் ஒருசேரத் தீர்க்கும்.

எக்ஸ்டென்ஷனும் (பல்கலைகளின் தொடர்கல்விப் பிரிவு) ஆன்லைனும். யு.சி. பெர்க்லி, யு.சி.எல்.ஏ. எக்ஸ்டென்ஷன்கள், ஹார்வர்டு எக்ஸ்டென்ஷன் ஸ்கூல் ஆகியவை வேலை பார்ப்பவர்களை மனத்தில் வைத்து நடப்பவை. யுனிவர்சிட்டி ஆஃப் நியூ இங்கிலாந்தின் ஆன்லைன் அறிவியல் பாடங்களை 16 வாரத்துக்குள் நம் வேகத்தில் முடிக்கலாம். பருவத் தொடக்கத்துக்காகக் காத்திருக்கவும் வேண்டாம். உயிர்வேதியியல் போன்ற லேப் இல்லாத பாடங்களுக்கு இது நல்ல வழி. லேப் பாடங்களை இப்படி எடுக்கும் முன் உங்கள் அட்டவணையின் நான்காம் கேள்விக்குப் போய் வாருங்கள்.

முறையான போஸ்ட்-பேக் திட்டம், அதாவது பட்டம் முடித்தவர்கள் பிரீரெக்விசிட் படிப்பதற்கான திட்டம். பென்சில்வேனியா பல்கலை உட்படப் பல இடங்களில் உண்டு. ஆலோசகர், பாட இருக்கை, குழுப் பரிந்துரைக் கடிதம் எல்லாம் ஒரே கட்டணத்துக்குள் வரும். தானாகத் திட்டமிட்டு நடக்கக்கூடியவருக்கு அந்தச் செலவு அவசியமில்லை. இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாத ஒன்று, பாஸ்டன் பல்கலையின் வாய்நல அறிவியல் போன்ற முதுகலைப் படிப்புகள். பிரீரெக்விசிட்டை முடித்தும் ஜி.பி.ஏ. (கிரேடுகளின் சராசரி, 4.0 வரை) குறைவாக இருப்பவர்களுக்கானவை அவை. அங்கே வாங்கும் கிரேடு முதுகலைக் கணக்கில் தனியாகத் தெரியும், இளங்கலை ஜி.பி.ஏ.வை உயர்த்தாது.

குவார்ட்டர் கணக்கில் விழும் ஓட்டை

ஓராண்டுப் பாடத்தை இரண்டு செமஸ்டருக்குப் பதில் மூன்று குவார்ட்டராகப் பிரித்து நடத்தும் கல்லூரிகளில் ஒரு குவார்ட்டர் கிரெடிட் என்பது செமஸ்டர் கிரெடிட்டில் மூன்றில் இரண்டு பங்கு. 5 குவார்ட்டர் கிரெடிட் பாடம் 3.33 செமஸ்டர் கிரெடிட்டாகத்தான் மாறும். இரண்டு குவார்ட்டர் படித்து ‘ஓராண்டு வேதியியல் முடிந்தது’ என்று நினைத்தால் கையில் இருப்பது 6.67, தேவை 8. மூன்று குவார்ட்டரும் முடித்தால் 10. பாதியில் செமஸ்டர் கல்லூரிக்கு மாறுவது இன்னும் மோசம்: குவார்ட்டர் 1, 2-இல் படித்த பாடப்பகுதி செமஸ்டர் 1-ஐத் தாண்டி 2-இன் நடுவில் நிற்கும். ஒரு தொடரை எங்கே தொடங்குகிறீர்களோ அங்கேயே முடியுங்கள்.

திரும்பப் படிப்பதும் ஜி.பி.ஏ.யும்

விண்ணப்பங்கள் ஆட்சாஸ் என்ற மையச் சேவை வழியாகப் போகின்றன. அது உங்கள் கல்லூரியின் ஜி.பி.ஏ.வை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், எல்லாக் கல்லூரிகளின் எல்லாப் பாடங்களையும் வைத்துப் புதிதாகக் கணக்கிடுகிறது. உயிரியல், வேதியியல், இயற்பியலுக்குத் தனி ஜி.பி.ஏ.வும் போடுகிறது.

கிரேடு மாற்றீட்டை அது ஏற்பதில்லை. 4 கிரெடிட் பாடத்தில் ‘சி’ வாங்கி, திரும்பப் படித்து ‘ஏ’ வாங்கினால், உங்கள் கல்லூரி 4.0 என்று காட்டலாம். ஆட்சாஸில் இரண்டும் சேர்ந்து சராசரி 3.0. ஆகவே ‘சி மைனஸ்’ அல்லது அதற்குக் கீழ் இருந்தால் திரும்பப் படியுங்கள், வேறு வழியில்லை. ‘சி’ அல்லது ‘பி மைனஸ்’ என்றால் அந்தப் பணத்தையும் நேரத்தையும் அதே துறையின் மேல்நிலைப் பாடத்தில் போடுங்கள். பொது வேதியியலில் ‘சி’, உயிர்வேதியியலில் ‘ஏ’ என்பது வளர்ச்சி. பொது வேதியியலில் ‘சி’, மறுபடி அதிலேயே ‘ஏ’ என்பது அவ்வளவு பேசாது.

எவ்வளவு உயரும் என்பதை முன்கூட்டியே போட்டுப் பாருங்கள். 120 கிரெடிட்டில் 3.0 வைத்திருப்பவர் 32 கிரெடிட் முழுதும் ‘ஏ’ வாங்கினால்: 360-உடன் 128 சேர்ந்து 488, அதை 152-ஆல் வகுத்தால் 3.21. இவ்வளவுதானா என்று மனம் சோரும். ஆனால் அவரிடம் அறிவியலில் முன்பு 20 கிரெடிட் 2.7 மட்டுமே இருந்தால், அறிவியல் ஜி.பி.ஏ. 182 வகுத்தல் 52, அதாவது 3.5. தேர்வுக்குழு உற்றுப் பார்ப்பது இந்த இரண்டாவது எண்ணை.

பாடம் கைநழுவுகிறது என்று தெரிந்தால் தேதி பார்த்து விலகுங்கள். டிராப் தேதிக்கு முன் விலகினால் தடமே இருக்காது. அதைத் தாண்டி வித்டிரா தேதிக்குள் என்றால் ‘டபிள்யூ’ விழும், ஜி.பி.ஏ.வைத் தொடாது. ஒரு ‘டபிள்யூ’ யாரையும் வீழ்த்தியதில்லை. ஆனால் அதே பாடத்தில் இரண்டாவது ‘டபிள்யூ’ விழுந்தால் கேள்வி வரும்.

பதிவு செய்யும் நாளில் நடப்பது

வேறு கல்லூரியில் பட்டம் முடித்தவர் புதிய கல்லூரியில் பதிவு செய்யப் போனால், ‘முன்தேவை நிறைவேறவில்லை’ என்று கணினி தடுக்கும். பழைய கணிதமும் வேதியியலும் அவர்கள் பதிவில் இல்லை என்பதுதான் காரணம். பழைய டிரான்ஸ்கிரிப்டை (கல்லூரி தரும் மதிப்பெண் பட்டியல்) ஆறு முதல் எட்டு வாரம் முன்னதாகவே அனுப்பி, பிரீரெக்விசிட் கிளியரன்ஸ் படிவம் கொடுத்து, தடை நீங்கியதா என்று உறுதி செய்யுங்கள். பதிவு திறக்கும் நேரத்துக்கே உள்ளே இருங்கள். இடமில்லையென்றால் வெயிட்லிஸ்டில் பெயர் போட்டு, முதல் நாள் வகுப்புக்கும் லேபுக்கும் நேரில் போங்கள். முதல் லேபுக்கு வராதவர்களைப் பல கல்லூரிகள் நீக்கிவிடும். அந்த இருக்கை அங்கே நிற்பவருக்கே போகும்.

பணத்துக்கு: ஏற்கெனவே பட்டம் உள்ளவர், தொழிற்கல்விச் சேர்க்கைக்குத் தேவையான பாடங்களைக் குறைந்தது அரைநேர மாணவராகப் படித்தால், தொடர்ச்சியான 12 மாதத்துக்கு ஃபெடரல் கடன் பெற விதி இருக்கிறது. உதவித்தொகை அலுவலகத்தில் ‘பிரிபரேட்டரி கோர்ஸ்வொர்க்’ என்ற சொல்லைச் சொல்லிக் கேளுங்கள். அந்த 12 மாதம் ஒருமுறைதான். ஒற்றைப் பாடம் எடுக்கும் பருவத்தில் அதைத் தொடங்கி வீணாக்காதீர்கள்.

விசாவும் இந்தியப் படிப்பும்

எச்-4 விசாவில் (எச்-1பி ஊழியரின் குடும்பத்தினருக்கானது) இருப்பவர் முழுநேரமோ பகுதிநேரமோ படிக்கலாம். எச்-1பி-யில் இருப்பவர் வேலையைத் தொடர்ந்துகொண்டே பாடம் எடுக்கலாம். எஃப்-1 மாணவர் முழுநேரப் பளுவைக் காக்க வேண்டும். அந்தக் கணக்கில் ஒரு பருவத்துக்கு ஓர் ஆன்லைன் பாடம், 3 கிரெடிட் வரைதான் சேரும்.

இந்தியாவில் பி.எஸ்சி. அல்லது பி.டெக். முடித்தவர் டபிள்யூ.இ.எஸ். அல்லது இ.சி.இ. என்ற மதிப்பீட்டு நிறுவனம் வழியாகப் பாடவாரி மதிப்பீடு செய்ய வேண்டியிருக்கும். ஆனால் மதிப்பீடு கையில் இருப்பதால் பிரீரெக்விசிட் முடிந்துவிட்டதாக எண்ண வேண்டாம். அந்தப் பாடங்களை அமெரிக்க அல்லது கனடியக் கல்லூரியில் படித்திருக்க வேண்டும் என்று பல பள்ளிகள் சொல்கின்றன. இந்தியாவில் பி.டி.எஸ். முடித்தவருக்கு இந்தக் கட்டுரையின் பாதையே வேறு: வெளிநாட்டுப் பல் மருத்துவர்களுக்கான அட்வான்ஸ்டு ஸ்டாண்டிங் படிப்புகளில் பெரும்பாலானவற்றுக்கு காபிட் என்ற தனிச் சேவை வழியாக விண்ணப்பிக்க வேண்டும்.

டி.ஏ.டி. தேர்வை எங்கே பொருத்துவது

டென்டல் ஸ்கூல் சேர்க்கைக்கான நுழைவுத் தேர்வான டி.ஏ.டி.யின் அறிவியல் பகுதியில் உயிரியல் 40, பொது வேதியியல் 30, கரிம வேதியியல் 30 என 100 கேள்விகள், 90 நிமிடம். இயற்பியலும் உயிர்வேதியியலும் தனிப் பகுதியாக இல்லை. ஆகவே கரிம வேதியியல் 2 முடிந்த கையோடு, சூடு ஆறும் முன் எழுதுவதுதான் சிறந்தது. இயற்பியல் பாக்கி இருந்தாலும் பரவாயில்லை. மேலே சொன்ன திட்டத்தில் மே மாதம் வகுப்பு முடியும். ஆறு முதல் எட்டு வாரம் ஒதுக்கிப் படித்து ஜூலைக்குள் எழுதலாம். 2025 மார்ச் முதல் மதிப்பெண் 200-இலிருந்து 600 வரையிலான அளவில் வருகிறது. பழைய 30-க்கான மதிப்பெண்களோடு ஒப்பிட்டுக் குழம்ப வேண்டாம்.

விண்ணப்பத்தில் இன்னும் முடியாத பாடங்கள்

எல்லாம் முடிந்த பிறகுதான் விண்ணப்பிக்க வேண்டும் என்பதில்லை. ஆட்சாஸ் மே மாதத்தில் திறக்கும். டெக்சாஸ் அரசுப் பள்ளிகளுக்கான தனிச் சேவை மே 1. பள்ளிகள் வரவர விண்ணப்பங்களைப் பார்த்து நேர்காணலுக்கு அழைப்பதால், ஜூனில் போடுவதற்கும் அக்டோபரில் போடுவதற்கும் பெரிய வித்தியாசம் உண்டு. படித்துக்கொண்டிருக்கும் பாடத்தையும் படிக்கப்போகும் பாடத்தையும் அப்படியே குறித்துச் சேர்க்கலாம். இரண்டு அல்லது மூன்று பாடம் பாக்கி என்றால் இயல்பு. கரிம வேதியியலே பாக்கி என்றால் அந்த ஆண்டு வேண்டாம்.

ஒரு பாடம் மட்டும் எடுத்த கல்லூரியாக இருந்தாலும் அதன் டிரான்ஸ்கிரிப்ட் ஆட்சாஸுக்குப் போயாக வேண்டும். பாடங்களை நினைவிலிருந்து நிரப்பாதீர்கள். டிரான்ஸ்கிரிப்டின் நகலை முன்னால் வைத்து, பாட எண், தலைப்பு, கிரெடிட், கிரேடு நான்கையும் அதில் உள்ளபடியே எழுதுங்கள். லேபுக்குத் தனி வரி இருந்தால் இங்கேயும் தனி வரி. ‘டபிள்யூ’ விழுந்ததும், திரும்பப் படித்ததும் இடம்பெற வேண்டும். பிழை இருந்தால் விண்ணப்பம் சரிபார்ப்பில் நின்று, முன்கூட்டிப் போட்ட பயன் போய்விடும்.

பரிந்துரைக் கடிதங்கள் நான்கு வரை சேர்க்கலாம். அவற்றில் இரண்டை அறிவியல் ஆசிரியர்களிடமிருந்து கேட்கும் பள்ளிகள் பல. முகம் பார்க்காத ஆன்லைன் வகுப்பிலிருந்து நல்ல கடிதம் பெறுவது கடினம். எனவே குறைந்தது இரண்டு பாடங்களை நேரில், முடிந்தால் ஒரே ஆசிரியரிடம் இரண்டு பருவமும் எடுங்கள். மாணவர்களைச் சந்திக்க அவர் ஒதுக்கும் ‘ஆபீஸ் அவர்ஸ்’ நேரத்தில் போய்ப் பழகி, கிரேடு வந்த அதே வாரத்தில் கடிதம் கேட்டுவிடுங்கள். ஒவ்வொரு பாடத்தின் சிலபஸையும் பி.டி.எஃப். ஆகச் சேமித்து வையுங்கள். ‘இந்தப் பாடத்தில் லேப் இருந்ததா?’ என்று ஏதாவது ஒரு பள்ளி கேட்கும்போது, கல்லூரித் தளத்தில் அந்தப் பக்கம் இருக்காது.